மணிக்கணக்கு தப்பினால் பணக்கணக்கும் தப்பும்

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் பண்ருட்டி, வடலூர் தாண்டியதும் வரும் ஊர் சேத்தியாத்தோப்பு. சிதம்பரம் – விருத்தாசலம் சாலை குறுக்கிடும் இடமும் இதுதான். வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்கு அனுப்பும் நீரேற்று நிலையம் இங்கே இருப்பதால் சென்னைவாசிகள் சிலருக்கும் ஊரின் பெயர் தெரிந்திருக்கும். என் சொந்த ஊர் இதுதான். இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் ஐந்து வருடங்களாக வேலை பார்க்கிறேன்.

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் சம்பா அறுவடை. சேலம், ஆத்தூர் பக்கமிருந்து அறுவடை இயந்திரங்கள் வந்து இறங்கும். என் மாமாவிடமும் ஒரு பெல்ட் வண்டி இருக்கிறது. வயலில் ஈரம் இருந்தால் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டிதான் வேண்டும். வாடகை மணிக்கணக்கில். டிரைவர் ஒரு நோட்டில் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதுவார். மாலையில் மாமா கூட்டிப் பார்த்துப் பணம் வாங்குவார். அந்த நோட்டு ஒருநாள் சேற்றில் விழுந்துவிட்டது.

“மாப்ள, நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, போன்லயே போட்டுக்கற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன்” என்றார் மாமா.

இரண்டு கட்டம், ஒரு பட்டன். அரை நாள் வேலை என்று நினைத்தேன். அந்த அரை நாள் வேலை ஒரு தை மாதம் முழுக்க என்னை ஓட வைத்தது. என் தவறால் ஒரு அம்மாவிடம் 8,400 ரூபாய் அதிகமாக வாங்கிவிட்டோம். இணையப் படிவத்தில் தேதி, நேரம் வாங்கிக் கால அளவைக் கணக்கிட நினைக்கும் வாசகர்களுக்கு என் அனுபவம் உதவும் என்பதால் எழுதுகிறேன். டியூஷன் சென்டர் வருகைப் பதிவு, ஜெனரேட்டர் வாடகை, வாட்ச்மேன் ஓவர்டைம், ஜே.சி.பி. வாடகை என்று எதற்கும் இதே கணக்குதான்.

கணக்குக்கு எளிதாக இருக்க, வாடகை மணிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அதாவது நிமிடத்திற்கு 40 ரூபாய்.

முதல் தவறு: நேரம் மட்டும் வாங்கியது

முதலில் நான் வைத்தவை இரண்டு கட்டங்கள்தான். தொடங்கிய நேரம், முடித்த நேரம். தேதி எதற்கு, அன்றன்று போடுவதுதானே என்று விட்டுவிட்டேன்.

2025 ஜனவரி 20 இரவு. மழை வரும் போலிருந்ததால் ராத்திரியிலேயே வண்டியை இறக்கினார்கள். தொடங்கியது இரவு 10:40. முடித்தது பின்னிரவு 1:25. படிவம் காட்டிய தொகை மைனஸ் 51,000 ரூபாய்! வண்டிக்காரர்தான் வயல்காரருக்குப் பணம் தரவேண்டும் என்று ஆகிவிட்டது.

காரணம் எளிது. 10:40 என்பது 22:40, அதாவது நள்ளிரவிலிருந்து 1,360-ஆவது நிமிடம். 1:25 என்பது 85-ஆவது நிமிடம். 85-லிருந்து 1,360-ஐக் கழித்தால் மைனஸ் 1,275. அதை 40 ஆல் பெருக்கினால் மைனஸ் 51,000.

நான் என்ன செய்தேன்? விடை மைனஸில் வந்தால் 1,440 நிமிடங்களைக் கூட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். இப்போது 165 நிமிடங்கள், அதாவது 2 மணி 45 நிமிடம் என்று வந்தது. 6,600 ரூபாய். சரியான விடை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து, மதியம் 3:00 மணிக்குத் தொடங்கிய வேலை தூறலால் 4:10-க்கு நின்றது. மறுநாள் பனி காய்ந்தபின் 11:00 மணிக்குத் தொடங்கி 12:30-க்கு முடித்தார்கள். டிரைவர் அண்ணன் தொடக்கம் மதியம் 3:00, முடிவு மதியம் 12:30 என்று போட்டார். விடை மைனஸில் வந்ததால் என் புரோகிராம் 1,440-ஐக் கூட்டி 21 மணி 30 நிமிடம் என்றது. 51,600 ரூபாய். உண்மையில் ஓடியது 1:10-ம் 1:30-ம் சேர்த்து 2 மணி 40 நிமிடம். 6,400 ரூபாய்தான்.

இதாவது பார்த்தவுடன் தெரியும் தவறு. மறுநாள் மாலை 4:00 மணிக்கு முடித்திருந்தால்? படிவம் சத்தம் போடாமல் “1 மணி” என்று சொல்லியிருக்கும். யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, நேரம் கேட்கும் இடத்தில் தேதியும் கேட்க வேண்டும். இரண்டு, வேலை நடுவில் நின்றால் அதை ஒரே வரியில் போடக் கூடாது. ஓடிய பகுதி ஒவ்வொன்றும் தனி வரி. கூட்டும் வேலை கம்ப்யூட்டருடையது.

இரண்டாவது தவறு: ஐந்தரை மணி நேரம்

படிவத்தை மாற்றினேன். தொடக்கத் தேதி, தொடக்க நேரம், முடிவுத் தேதி, முடிவு நேரம் என நான்கு கட்டங்கள். டிரைவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியை முன்கூட்டியே நிரப்பி வைத்தேன். கணக்கு முடிந்ததும் பில்லின் இணைப்பு வயல்காரரின் போனுக்குப் போகும்.

பிப்ரவரி 3. ஊரில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவின் ஒரு ஏக்கர் வயல். காலை 9:00-க்குத் தொடங்கி 10:15-க்கு முடித்தார்கள். 1 மணி 15 நிமிடம். 3,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். அவசரத்தில் டிரைவர் தொடக்க நேரத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார். பில் வந்தது: 4 மணி 45 நிமிடம், 11,400 ரூபாய். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. “கம்ப்யூட்டர்ல வந்துதுன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, நகையை மீட்க எடுத்து வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

பில்லின் இணைப்பு சிங்கப்பூரில் வேலை செய்யும் அவர் மகனுக்கும் போயிருந்தது. மறுநாள் அவர் மாமாவுக்குப் போன் செய்தார். “மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. காலையில எட்டு மணிக்கு வண்டி எறங்குனதா பில்லுல இருக்கு. பனி காயாம எப்படி அறுப்பாங்க?”

மாமா தன் போனில் அதே பில்லைத் திறந்தார். அதில் தொடக்கம் காலை 5:30 என்று இருந்தது. ஒரே பில், இரண்டு தொடக்க நேரங்கள்! “என்னடா மாப்ள இது?” என்று எனக்குப் போன் வந்தது.

அந்த இரண்டு எண்களே காரணத்தைக் காட்டிக் கொடுத்தன. உலகப் பொது நேரமான யு.டி.சி.யைவிட இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னே. சிங்கப்பூர் எட்டு மணி முன்னே. யு.டி.சி.யில் நள்ளிரவு 0:00 என்றால் இந்தியாவில் 5:30, சிங்கப்பூரில் 8:00. ஆக, என் புரோகிராம் தொடக்கத்தை யு.டி.சி. நள்ளிரவு என்று எடுத்துக் கொண்டிருக்கிறது.

ஏன்? ஜாவா ஸ்கிரிப்டில் ஒரு விதி. 2025-02-03 என்று தேதியை மட்டும் கொடுத்து ‘டேட்’ உருவாக்கினால், அதை யு.டி.சி. நேரமாக எடுத்துக்கொள்ளும். தேதியை அடுத்து ‘டி’ என்ற எழுத்தும் 10:15 என்ற நேரமும் சேர்த்துக் கொடுத்தால், அதை நம் கம்ப்யூட்டரின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். நேரக் கட்டம் காலியாக இருந்தால் தேதியை மட்டும் கொடு என்று நான் எழுதியிருந்தேன். தொடக்கம் யு.டி.சி. கணக்கில், முடிவு இந்தியக் கணக்கில். 5:30-லிருந்து 10:15 வரை 4 மணி 45 நிமிடம்.

மூன்றரை மணி நேரம் அதிகம், 8,400 ரூபாய் அதிகம். வண்டியில் உள்ள எஞ்சின் மணி மீட்டரையும் பார்த்து உறுதி செய்துகொண்டு, மாமா அன்று மாலையே போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் சென்னையில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிறுத்தி வைத்தேன்.

உங்கள் புரோகிராமில் சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். ஒரு பக்கம் யு.டி.சி., மறு பக்கம் இந்திய நேரம் என்று கலந்திருக்கிறது என்பது நிச்சயம்.

கம்ப்யூட்டர் நேரத்தை எப்படி வைத்திருக்கிறது?

இதைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது. நமக்கு நேரம் என்பது வருடம், மாதம், நாள், மணி, நிமிடம். கம்ப்யூட்டருக்கு அது ஒரே ஒரு எண். 1970 ஜனவரி 1, யு.டி.சி. நள்ளிரவிலிருந்து எத்தனை நொடிகள் கடந்தன என்பதே அந்த எண். யூனிக்ஸ் முறை நொடிகளில் எண்ணும். ஜாவா ஸ்கிரிப்ட் மில்லி செகண்டுகளில் எண்ணும். பி.எச்.பி.யில் வரும் எண்ணை அப்படியே ஜாவா ஸ்கிரிப்டில் போட்டு, 1970 ஜனவரி மாதத் தேதி வருகிறதே என்று குழம்புபவர்கள் பலர். 1,000 ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த எண் மேலே ஏறிக்கொண்டே போகும். நள்ளிரவு, மாதக் கடைசி, லீப் வருடம் எதற்கும் அது கவலைப்படாது. அதனால் கால அளவு கண்டுபிடிக்க ஒரே ஒரு கழித்தல் போதும்.

கால அளவு = முடிவு எண் – தொடக்க எண்

ஜனவரி 20 இரவு வேலைக்கு இப்படிக் கழித்தால் 99,00,000 மில்லி செகண்ட் வரும். 60,000 ஆல் வகுத்தால் 165 நிமிடம். 165-ஐ 60 ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 45. எனவே 2 மணி 45 நிமிடம். மைனஸும் இல்லை, 1,440-ஐக் கூட்டும் வேலையும் இல்லை.

சரியான செய்முறை

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் படிவத்தில் நான் செய்திருப்பதைப் படிப்படியாகத் தருகிறேன்.

1. எச்.டி.எம்.எல். ‘இன்புட்’ கட்டங்களில் தேதிக்கு ‘டேட்’ வகையையும், நேரத்திற்கு ‘டைம்’ வகையையும் பயன்படுத்துங்கள். இரண்டும் ஒரே கட்டத்தில் வேண்டுமானால் ‘டேட்டைம்-லோக்கல்’ வகை உண்டு. திரையில் பிரவுசர் தேதியை எப்படிக் காட்டினாலும், உள்ளே வரும் மதிப்பு எப்போதும் வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையிலும், 24 மணி நேரக் கணக்கிலும்தான் இருக்கும். சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸில் 03/02/2025 என்று டைப் செய்யவிட்டால், நமக்கு அது பிப்ரவரி 3. அமெரிக்க முறையில் அது மார்ச் 2.

2. நான்கு கட்டங்களுக்கும் ‘ரெக்வயர்ட்’ என்று கொடுங்கள். ஒன்று காலியாக இருந்தாலும் படிவம் போகக் கூடாது. இந்த ஒரு சொல் இருந்திருந்தால் எனக்கு 8,400 ரூபாய் பாடம் கிடைத்திருக்காது.

3. தேதியை நடுக்கோட்டிலும் நேரத்தை முக்காற்புள்ளியிலும் பிரித்து, வருடம், மாதம், நாள், மணி, நிமிடம் என ஐந்து எண்களாக்குங்கள். பிரவுசர் தானே புரிந்து கொள்ளட்டும் என்று விடாதீர்கள். மணியும் நிமிடமும் தனித்தனிக் கட்டங்களாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. காலியான கட்டத்தை ‘நம்பர்’ கட்டளையால் மாற்றினால் ஜாவா ஸ்கிரிப்ட் 0 என்று தரும். நிரப்பாத கட்டம் நள்ளிரவாக மாறிவிடும்.

4. மாதத்திலிருந்து 1-ஐக் கழியுங்கள். ஜாவா ஸ்கிரிப்டில் ஜனவரி 0, டிசம்பர் 11. நாள் மட்டும் 1-லிருந்துதான் தொடங்கும்.

5. ‘டேட் டாட் யு.டி.சி.’ என்ற கட்டளையில் ஐந்து எண்களையும் கொடுங்கள். தொடக்கத்திற்கும் இதே, முடிவுக்கும் இதே. இரண்டையும் ஒரே முறையில் மாற்றுவதால், படிவத்தை எந்த நாட்டில் திறந்தாலும் கழித்தல் மாறாது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றாத இந்தியா போன்ற நாட்டின் வேலைக்கு இது போதும்.

6. கழித்து, 60,000 ஆல் வகுத்து நிமிடமாக்குங்கள். விடை எண்ணாக இல்லை என்றாலோ, பூஜ்யம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலோ கணக்கை நிறுத்தி, பிழைச் செய்தி காட்டுங்கள். தப்பான விடை தருவதைவிட விடை தராமல் நிற்பது மேல்.

7. அதிக அளவுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். ஒரு வரியில் 12 மணி நேரத்திற்கு மேல் வந்தால் என் படிவம் இப்போது “உண்மையா?” என்று கேட்கும்.

8. இதே சோதனைகளைச் சர்வரிலும் செய்யுங்கள். பிரவுசரில் செய்யும் சோதனை பயனாளரின் வசதிக்கு மட்டும்தான். சர்வர் வெளிநாட்டில் இருந்தால் அதன் கடிகாரம் வேறு நேரத்தில் இருக்கலாம். பி.எச்.பி. என்றால் நேர மண்டலத்தை ‘ஏசியா/கோல்கட்டா’ என்று முதலிலேயே குறிப்பிட்டு விடுங்கள். பி.எச்.பி. 5.3 முதல் இரண்டு தேதிகளின் இடைவெளியைத் தரும் ‘டிஃப்’ வசதி உள்ளே இருக்கிறது. மைசீக்வல் டேட்டாபேஸில் ‘டைம்ஸ்டாம்ப்டிஃப்’ இதே வேலையைச் செய்யும்.

9. பில்லில் நேரத்தைக் காட்டும்போது பார்ப்பவரின் ஊர் நேரத்திற்கு மாற்றாதீர்கள். வேலை நடந்தது சேத்தியாத்தோப்பில். சிங்கப்பூரில் பார்த்தாலும் சேத்தியாத்தோப்பு நேரம்தான் தெரிய வேண்டும்.

3.45 என்பது மூன்றே முக்கால் அல்ல

இது படிவத்தின் தவறு அல்ல, மனிதர் தவறு. ஆனால் பணம் அதிகம் போவது இதில்தான்.

3 மணி 45 நிமிடத்தை நாம் 3.45 என்று எழுதிப் பழகிவிட்டோம். கம்ப்யூட்டருக்கு 3.45 என்றால் 3 மணியும், ஒரு மணியில் நூற்றுக்கு 45 பங்கும். அதாவது 3 மணி 27 நிமிடம். உண்மையில் போட வேண்டியது 3.75. 3.45-ஐ 2,400 ஆல் பெருக்கினால் 8,280. 3.75-ஐப் பெருக்கினால் 9,000. வித்தியாசம் 720 ரூபாய்.

வண்டியின் மணி மீட்டர் இதை இன்னும் குழப்பும். அதில் புள்ளிக்குப் பின் ஒரே ஒரு இலக்கம்தான். 0.1 என்றால் 6 நிமிடம். 0.6 என்றால் 36 நிமிடம். டிரைவர் அண்ணன் சில நாள் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார், சில நாள் மீட்டரைப் பார்த்து எழுதுவார். நோட்டில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

கூட்டும்போதும் இதே சிக்கல். 1:40, 2:35, 0:50 மூன்றையும் கூட்டினால் 5 மணி 5 நிமிடம். புள்ளி வைத்து 1.40, 2.35, 0.50 என்று கால்குலேட்டரில் போட்டால் 4.25 என்று வரும். டிரைவர் சம்பளம் மணிக்கணக்கு என்றால் நஷ்டம் அவருக்கு.

இதற்கு என்ன தீர்வு? டேட்டாபேஸில் கால அளவை முழு நிமிடங்களாக மட்டும் சேமியுங்கள். கூட்டல், பெருக்கல் எல்லாம் நிமிடத்தில். கடைசியாகத் திரையில் காட்டும்போது மட்டும் மணி, நிமிடம் என்று பிரியுங்கள். அப்போதும் 3.45 என்று காட்டாமல் “3 மணி 45 நிமிடம்” என்று எழுத்தில் காட்டுங்கள்.

கால் மணிக்கு ரவுண்டு செய்யும் வழக்கம் இருந்தால், ஒவ்வொரு வரியையும் ரவுண்டு செய்வதா, மொத்தத்தை மட்டுமா என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிட வேலை மூன்று முறை நடந்தால் மொத்தம் 1 மணி. ஒவ்வொன்றையும் மேல்நோக்கி அரை மணியாக்கினால் ஒன்றரை மணி!

எக்செல் பயன்படுத்துபவர்களுக்கு

எக்செல் ஒரு நாளை 1 என்று வைத்துக் கொள்ளும். காலை 6 மணி 0.25, மதியம் 12 மணி 0.5. தேதியும் நேரமும் ஒரே செல்லில் இருந்தால் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து 1,440 ஆல் பெருக்குங்கள். நிமிடம் கிடைக்கும். 24 ஆல் பெருக்கினால் மணி.

நேரம் மட்டும் போட்டு நள்ளிரவைத் தாண்டினால் செல் முழுக்க # குறிகள் வரும். அது மைனஸ் நேரம் என்பதற்கு அடையாளம். இன்னொரு பொறி: ஒரு வாரத்து மணிகளைக் கூட்டினால் 27:30 வர வேண்டிய இடத்தில் 3:30 என்று காட்டும். 24-ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணுவதுதான் காரணம். ஃபார்மட் செல்ஸ் பகுதிக்குப் போய், கஸ்டம் என்பதில் மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். முழு மணி தெரியும்.

வெளிநாட்டு வாசகர்களுக்கு

லண்டன், டொரன்டோ போன்ற ஊர்களில் வருடத்திற்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். அங்கே மார்ச் மாதத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம்தான். இலையுதிர் காலத்தில் ஒரு நாளுக்கு 25 மணி நேரம். கடிகாரத்தைப் பின்னே திருப்பும் இரவில் 10 மணி முதல் காலை 6 மணி வரை வேலை செய்தவர் பார்த்தது 8 மணி நேரம் அல்ல, 9 மணி நேரம். இவர்களுக்கு மேலே சொன்ன ஐந்தாவது படி போதாது. நேரத்துடன் நேர மண்டலத்தின் பெயரையும் கொடுத்துக் கணக்கிட வேண்டும்.

நம் பக்கத்து நாடுகளும் கடிகாரத்தை மாற்றியிருக்கின்றன. இலங்கை 1996 மே மாதம் ஒரு மணி நேரம் முன்னே வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி குறைத்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்திற்கே வந்தது. சிங்கப்பூர் 1982 பிறந்தபோது அரை மணி நேரத்தைத் தாண்டி இன்றைய நேரத்திற்கு மாறியது. நம் சென்னைக்கும் தனி நேரம் இருந்தது. 1906-இல் இந்தியப் பொது நேரம் வருமுன் இருந்த சென்னை நேரம், இன்றைய கடிகாரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்னே. பழைய பிறந்த நேரத்தை வைத்து ஜாதக புரோகிராம் எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாள் கணக்கும் மாதக் கணக்கும்

ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை எத்தனை நாள்? கழித்தால் 6. விரல் விட்டு எண்ணினால் 7. வாடகைப் பாத்திரத்துக்கும் விடுப்பு விண்ணப்பத்துக்கும் இரண்டு நுனிகளையும் சேர்ப்பதா என்று கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகே புரோகிராம் எழுதுங்கள்.

மாதம் இன்னும் மோசம். அதற்கு நிலையான அளவே கிடையாது. 2025 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டச் சொன்னால் ஜாவா ஸ்கிரிப்ட் பிப்ரவரி 31-ஐத் தேடி, கிடைக்காமல் மார்ச் 3 என்று சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. கடன் தவணைத் தேதி போடுபவர்கள் ஜாக்கிரதை.

சோதித்துப் பாருங்கள்

உங்கள் படிவம் தயாரானதும் கீழே உள்ளவற்றைப் போட்டுப் பாருங்கள்.

காலை 9:15 முதல் மதியம் 1:05 வரை: 3 மணி 50 நிமிடம்.
மதியம் 12:00 முதல் அன்றிரவு 12:30 வரை (தேதி மறுநாள்): 12 மணி 30 நிமிடம்.
டிசம்பர் 31 இரவு 11:30 முதல் ஜனவரி 1 இரவு 12:30 வரை: 1 மணி.
2024 பிப்ரவரி 28 இரவு 11:00 முதல் மார்ச் 1 பின்னிரவு 1:00 வரை: 26 மணி.
அதே தேதிகள் 2025-இல்: 2 மணி.
முடிவு தொடக்கத்திற்கு முன்னால்: பிழைச் செய்தி.
ஏதாவது ஒரு கட்டம் காலி: பிழைச் செய்தி.

பிறகு உங்கள் கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றி, பிரவுசரை மூடித் திறந்து, எல்லாவற்றையும் மறுபடி போடுங்கள். ஒரு விடைகூட மாறக் கூடாது. இதை நான் முதலிலேயே செய்திருந்தால் அந்த மகன் போன் செய்ய வேண்டி வந்திருக்காது.

கடைசியாகச் சேர்த்த ஒரு வரி

எல்லாம் சரி செய்த பிறகு, படிவத்தில் இன்னொன்றும் சேர்த்தேன். பட்டனை அழுத்தியதும் தொகை வராது. முதலில் பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம் வரும்.

“பிப்ரவரி 3 காலை 9:00 முதல், பிப்ரவரி 3 காலை 10:15 வரை. மொத்தம் 1 மணி 15 நிமிடம். சரிதானா?”

டிரைவர் அதை வயல்காரருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகே தொகை. அறுத்த நேரம் வரப்பில் நின்ற அவருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 11,400 ரூபாய் சரியா என்று கேட்டால் அந்த அம்மாவால் பதில் சொல்ல முடியாது. காலை 5:30-க்கா வண்டி இறங்கியது என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்.

மாசி மாத அறுவடையில் அதே அம்மாவின் தங்கை வயலுக்கு வண்டி போனது. டிரைவர் படித்துக் காட்டியபோது, “பத்து நிமிஷம் டீ குடிச்சீங்களே, அது இதுல கழிஞ்சிருக்கா தம்பி?” என்று கேட்டாராம். கழியவில்லை. திரும்பப் போய் இரண்டு வரியாகப் போட்டார்கள். 400 ரூபாய் குறைந்தது. மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு, படிவம் இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று தோன்றியது.